சுயவிவரமும் சில சொற்களும்

சென்ற வருஷம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகன் திருச்சியிலிருந்து வந்து, என் எதிரில் உட்கார்ந்து ஒரு தாளை நீட்டினான். மெக்கானிக்கல் இஞ்சினீரிங் முடித்து அப்போது அவனுக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தாளில் பெயர், அப்பா பெயர், படிப்பு, மதிப்பெண், தெரிந்த பாஷைகள், பொழுதுபோக்கு கிரிக்கெட் – இவ்வளவுதான். பாதித் தாள் காலியாகக் கிடந்தது.

"மாமா, நீங்க பி.ஏ. இங்கிலீஷ். இதை நல்லா எழுதிக் கொடுங்க. எல்லாரும் ரெண்டு பக்கத்துக்கு வச்சிருக்காங்க" என்றான்.

நான் பி.ஏ. இங்கிலீஷ் படித்ததற்கு என் குடும்பத்தில் எவரும் அதுவரை ஒரு உபயோகமும் கண்டுபிடித்ததில்லை. எனவே சந்தோஷமாகவே உட்கார்ந்தேன். வேலை ஏதும் பார்த்தாயா என்று கேட்டேன். "இல்ல மாமா. சித்தப்பா கடையிலதான் இருந்தேன், எட்டு மாசம்" என்றான். அவன் சித்தப்பாவுடையது ஹார்டுவேர் கடை. பைப்பு, எல்போ, ஆணி, கீல், தாழ்ப்பாள், பெயின்ட்டு. அங்கே சரக்கு எழுதினான். கடன் நோட்டுப் பார்த்தான். சரக்கு தீர்ந்தால் சப்ளையருக்குப் போன் செய்தான். அரை மணி நேரத்தில் அந்த எட்டு மாதங்களை நான் ஆங்கிலமாக்கினேன். சரக்கு எழுதியது 'இன்வென்டரி மேனேஜ்மென்ட்' ஆயிற்று. கடன் நோட்டு 'ரிசீவபிள்ஸ்'. போன் செய்தது 'வென்டார் ரிலேஷன்ஸ்'. சித்தப்பாவுக்கு டீ வாங்கி வந்தது ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் கிடைத்துவிட்டது. உச்சியில் அவனைப் பற்றி மூன்று வரிகள்: 'டைனமிக்', 'ரிசல்ட் ஓரியன்டட்', 'செல்ஃப் ஸ்டார்ட்டர்', 'டீம் ப்ளேயர்'.

அவன் படித்தான். மறுபடியும் படித்தான். "மாமா, இது யாரு?" என்றான்.

கேலியாகக் கேட்கவில்லை. அவனுக்குக் கேலி செய்ய வராது. நிஜமாகவே ஒரு ஆளைத் தேடிவிட்டுக் கேட்டமாதிரி இருந்தது.

கடந்த பத்து வருஷமாக இந்த மாதிரிப் பத்திரிகைகளில் நான் எழுதி வந்திருப்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே புகார்தான்: வார்த்தைக்குப் பின்னால் அனுபவம் இல்லை. ஒரு கவிஞரின் 'பிரபஞ்ச வலி'க்குப் பின்னால் ஒரு பல்வலிகூட இல்லை என்று ஒரு முறை எழுதி, அவருடைய சிநேகத்தை இழந்திருக்கிறேன். அந்த நான்தான் அரை மணி நேரம் தயக்கம் ஏதுமின்றி – ஒத்துக்கொள்ள வேண்டும், ஒரு கைத்தொழில்காரனின் குஷியோடு – அந்தத் தாளை நிரப்பினேன். கை தானாக ஓடிற்று. எந்தச் சொல்லுக்கும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. யோசிக்காமல் வந்த சொல்லைச் சந்தேகிக்க வேண்டும் என்பதும் நான் பிறருக்குச் சொல்லிவந்ததுதான்.

முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம், இது மிகை, மிகை ஒன்றும் புதிதல்ல என்பது. சந்தையில் விலை சொல்வதுபோல. விற்பவன் கூட்டிச் சொல்கிறான். வாங்குபவன் கழித்துக் கேட்டுக்கொள்கிறான். நியாயமான ஓரிடத்தில் இருவரும் நிற்கிறார்கள். வேலை விண்ணப்பங்களின் மூதாதை என்று அடிக்கடி காட்டப்படுவது, லியனார்டோ டாவின்சி ஏறக்குறைய 1482இல் மிலான் நகரத்து லுதோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கு எழுதிய கடிதத்தின் வரைவு. அவர் அப்போது பெயர் பெற்றிருந்தது ஓவியத்தில். கடிதத்தில் பெருமைப்பட்டுக்கொள்வதோ, தூக்கிச் செல்லத் தக்க பாலங்கள், அகழி நீரை வடிக்கும் வழி, சுரங்கப் பாதை, மூடிய போர் வண்டி என்று வரிசையாகப் போர்க் கருவிகளைப் பற்றி. ஓவியம் வரையவும் வரும் என்பது கடைசியில், போகிற போக்கில். நம் இலக்கணம் உயர்வு நவிற்சி என்று இதற்கு ஓர் அணியே வகுத்து வைத்திருக்கிறது. மன்னனின் யானைகளை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. பாடியவனுக்கும் தெரியும், கேட்டவனுக்கும் தெரியும்.

என் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு விண்ணப்பத்தின் நகல் கிடக்கிறது. பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் வேலை கேட்டு எழுதியது. 'பணிவன்புடன்', 'சமூகத்திற்கு', 'என் ஏழைக் குடும்பம் என்றென்றும் கடமைப்பட்டிருக்கும்' என்று நீள்கிறது. அதுவும் மிகைதான். அப்பா அப்படியொன்றும் பணிவானவர் அல்ல. கடமைப்பட்டிருப்பதிலும் அவருக்கு நாட்டமிருந்ததில்லை. அவர் தலைமுறை தன்னைச் சுருக்கிக் காட்டி வேலை கேட்டது. இவன் தலைமுறை தன்னை ஊதிக் காட்டிக் கேட்கிறது. இரண்டும் சம்பிரதாயம், இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம்.

இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. லியனார்டோ பாலம் என்றுதான் எழுதினார். பாலம் கட்டு பார்க்கலாம் என்று மிலான்காரர் சொல்லியிருக்க முடியும். என் அப்பா 'ஏழை' என்று எழுதியதை ஊருக்கு வந்து விசாரித்திருக்க முடியும். அந்த மிகைகளுக்கு எதிரே ஒரு உண்மை நின்றது. அதைப் பெரிதாக்கினார்கள் அல்லது மறைத்தார்கள். 'ரிசல்ட் ஓரியன்டட்' என்பதற்கு எதிரே என்ன நிற்கிறது? முடிவை நாடாமல் வேலை செய்கிற ஜீவன் எங்கே இருக்கிறது? 'டைனமிக்' இல்லை என்று எவனையாவது நிரூபிக்க முடியுமா? பொய் என்று நிரூபிக்க முடியாதது மெய்யாகவும் இருக்க முடியாது. ஹாரி ஃப்ராங்க்ஃபர்ட் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் 1986இல் இந்த விஷயத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2005இல் அது சிறு புத்தகமாக வந்து நிறைய விற்றது. பொய்யனுக்கு உண்மையின்மேல் ஒருவிதக் கவனமாவது இருக்கிறது, அதை மறைக்க வேண்டியிருப்பதால். வெற்றுரைக்காரனுக்கோ தான் சொல்வது உண்மையா பொய்யா என்பதே பொருட்டல்ல. ஆகவே இவனே உண்மைக்குப் பெரிய விரோதி – இது அவர் கட்சி. அந்த அரை மணி நேரத்தில் நான் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லியிருந்தால் கொஞ்சம் கூச்சமாவது இருந்திருக்கும்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கேட்பவனின் பாஷை இப்படியென்றால் கொடுப்பவனின் பாஷையும் அதேதான். அன்று மாலை அவன் தன் போனில் விளம்பரங்களைக் காட்டினான். ஒரு கம்பெனி 'நிஞ்சா' வேண்டும் என்கிறது. இன்னொன்று 'ராக்ஸ்டார்' கேட்கிறது. எல்லாரும் 'ஒரே குடும்பம்'. அவன் ஏற்கெனவே இதற்கொரு அகராதி வைத்திருந்தான். சிநேகிதர்கள் சொல்லித் தந்தது. 'வேகமான சூழல்' என்றால் ஆள் போதாது. 'பல தொப்பிகளை அணிய' என்றால் மூன்று பேர் வேலை. 'போட்டிக்கு ஈடான சம்பளம்' என்றால் எவ்வளவு என்று சொல்ல மாட்டார்கள். 'குடும்பம்' என்றால் ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடுவார்கள். இருபத்து மூன்று வயதில் ஒவ்வொரு சொல்லையும் திருப்பிப் போட்டுப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டான். வாசகனாக எனக்கு இது பயமாக இருந்தது. சொல்லை நம்பாமல் படிக்கப் பழகியவன், பிறகு எதையாவது நம்பிப் படிப்பானா?

இந்தச் சொற்கள் எங்கே பிறக்கின்றன என்று பார்த்தால் விசித்திரமாக இருக்கிறது. ஆட்குறைப்புக்கு 'டவுன்சைஸிங்' என்ற சொல் 1970களில் அமெரிக்கக் கார்க் கம்பெனிகளில் புழங்கியது – பெட்ரோல் விலையேற்றத்துக்குப் பின் காரின் நீள அகலத்தைக் குறைத்ததற்கு. பிறகு அது மனிதர்கள்மேல் ஏறியது. காரைச் சிறிதாக்கினால் சிறிய கார் மிஞ்சும். ஆளைக் குறைத்தால் குறைந்த ஆள் எங்கே போகிறான் என்பதைப் பற்றி அந்தச் சொல்லுக்குக் கவலையில்லை. நம் தமிழில் 'மனிதவளம்' என்கிறோம். நிலவளம், நீர்வளம், கனிவளம், மனிதவளம். தோண்டி எடுக்கத் தக்கவற்றின் வரிசையில் கடைசியாக ஒன்று. 1985இல் மத்திய அரசு கல்வி அமைச்சகத்துக்கு மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் என்று பெயர் மாற்றியது. 2020இல் மறுபடியும் கல்வி அமைச்சகம் என்றே வைத்தது. இடையில் முப்பத்தைந்து வருஷம் நான் உட்பட ஒரு தலைமுறை முழுக்கப் பள்ளிக்கூடம் போய் வந்தது, வளமாக.

ஆர்வெல் 1946இல் எழுதிய அரசியலும் ஆங்கில மொழியும் பற்றிய கட்டுரையை பி.ஏ.யில் எங்களுக்கு வைத்திருந்தார்கள். பைபிளில் ஒரு வசனத்தை எடுத்து அதை நவீன ஆபீஸ் ஆங்கிலத்தில் மாற்றி எழுதிக் காட்டுவார். கண்ணால் பார்க்கக் கூடிய ஒன்றுகூட மாற்றப்பட்ட வாக்கியத்தில் மிஞ்சாது. நாங்கள் வகுப்பில் சிரித்தோம். எல்போவும் ஆணியும் இருந்த கடையை நான் மாற்றி எழுதியதும் அதே வித்தைதான். அவர் அதைக் கேலிக்காகச் செய்தார், நான் உபகாரமாகச் செய்தேன் என்பதுதான் வித்தியாசம்.

இவ்வளவும் சொல்கிறவன் எங்கே நின்றுகொண்டு சொல்கிறான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் வங்கியில் சேர்ந்தது பரீட்சை எழுதி. முதல் கட்டத்தில் 60 நிமிஷத்தில் 100 கேள்விகள்; அதற்குப் பின் இன்னொரு பரீட்சை. நேர்முகம் கிடையாது. என்னைப் பற்றி எவரும் எதுவும் கேட்கவில்லை. நான் டைனமிக்கா என்று கேட்டிருந்தால் எனக்கு இந்த வேலை கிடைத்திருக்காது. தன்னைப் புகழ்ந்து எழுதும் நிர்ப்பந்தமே வாழ்க்கையில் நேராதவன், நேர்ந்தவர்களின் பாஷையைப் பற்றி விமர்சனம் எழுதுவது சுலபம். மாதக் கடைசியில் சம்பளம் வந்துவிடுகிறது. வார்த்தைகளின் சுத்தத்தைப் பற்றி யோசிக்க அவகாசம் கிடைக்கிறது.

ஆனாலும் அது என்னை முழுசாக விட்டுவைக்கவில்லை. 2024 மார்ச்சில் கையெழுத்தான பன்னிரண்டாவது இருதரப்பு ஒப்பந்தத்தில் எங்கள் சம்பளம் உயர்ந்ததோடு பெயரும் மாறியது. அதுவரை கிளார்க். அதன்பின் 'கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட்'. மறுநாளும் நான் அதே கவுண்டரில் உட்கார்ந்து பாஸ்புக் அச்சடித்தேன், நோட்டு எண்ணினேன். கவுண்டருக்கு வந்த பென்ஷன்காரர்கள் எவருக்கும் என்னிடம் மாற்றம் ஏதும் தெரியவில்லை. சொன்னால் வெட்கம், சுற்றறிக்கையைப் படித்தபோது எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் ஓடிற்று. பெண் பார்க்கப் போயிருந்த நாட்களில் இந்தப் பெயர் இருந்திருந்தால் எனக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம்மூரில் 'பயோடேட்டா' என்ற ஒரே சொல் வேலைக்கும் கல்யாணத்துக்கும் வழங்குவது தற்செயல் இல்லை.

குமாஸ்தா என்ற பாரசீகச் சொல்லுக்கு நியமிக்கப்பட்டவன், முகவர் என்று அர்த்தம். பதினெட்டாம் நூற்றாண்டு வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் குமாஸ்தா என்றால் நெசவாளிகள் நடுங்கினார்கள். அந்த அதிகாரமெல்லாம் உதிர்ந்து, நம் கதைகளில் கிழிந்த குடையோடு வரும் மனுஷனாகச் சொல் இளைத்துவிட்டது. ஆக, பெயர் மேலே போவதும் கீழே வருவதும் பழைய சமாச்சாரம். இளைத்துப்போன அந்தச் சொல்லில் குறைந்தபட்சம் ஒரு ஆள் இருந்தான். அவனைக் கதையில் எழுத முடிந்தது. அசோசியேட்டை வைத்து ஒரு கதை எழுதிப் பாருங்கள்.

இனி, நம்மைப் பற்றி. இதை வாசிக்கிற ஐம்பது அறுபது பேரும் எழுதுகிறவர்கள். நம் பின்னட்டைகளை வரிசையாக அடுக்கிப் படித்துப் பார்த்திருக்கிறீர்களா? 'தவிர்க்க முடியாத குரல்.' 'தமிழ்ச் சூழலில் ஒரு புதிய திறப்பு.' 'அடர்த்தியான மொழி.' 'முக்கியமான வருகை.' எந்தக் குரல் தவிர்க்க முடிந்தது என்று எந்தப் பின்னட்டையாவது சொல்லியிருக்கிறதா? இவை நம் 'ரிசல்ட் ஓரியன்டட்'கள். கவிதைக்குள்ளே ஒரு உபரி அடைமொழியைப் பொறுக்காத நாம் அட்டையில் மட்டும் பொறுத்துக்கொள்கிறோம். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நண்பரின் தொகுப்புக்குப் பின்னட்டையில் நான் நாலு வாக்கியங்கள் எழுதினேன். அவர் கவிதைகளைப் படிக்காமலேயே அவற்றை எழுதியிருக்க முடியும். வேறு எந்தக் கவிஞரின் பின்னட்டைக்கும் ஒரு எழுத்து மாற்றாமல் அவற்றைக் கொடுத்திருக்கவும் முடியும். அந்த அரை மணி நேரத்தில் கை தானாக ஓடியதற்குக் காரணம் பி.ஏ. இங்கிலீஷ் அல்ல. தமிழ்ப் பின்னட்டைகளில் நான் ஏற்கெனவே எடுத்திருந்த பயிற்சி.

அவன் கதையைச் சொல்லி முடிக்க வேண்டும். நான் எழுதித் தந்ததை நாற்பது இடங்களுக்கு அனுப்பினான். பெரிய கம்பெனிகளில் வருகிற விண்ணப்பங்களை இப்போது முதலில் சலிப்பது ஒரு மென்பொருள். விளம்பரத்தில் உள்ள சொற்கள் தாளிலும் இருக்கின்றனவா என்று பார்த்துக் கழிக்கிறது. அதனால் விளம்பரத்தின் சொற்களை அப்படியே எடுத்துத் தாளில் தெளிக்கிறார்கள். விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவும் இன்று இயந்திரம் வந்துவிட்டது. ஒன்று எழுத, இன்னொன்று படிக்க, இடையில் இருப்பது இருபத்து மூன்று வயதுப் பையனின் வாழ்க்கை.

இரண்டு இடங்களில் கூப்பிட்டார்கள். சென்னையில் ஒரு நேர்முகத்தில், ரிசீவபிள்ஸ் பார்த்ததாக எழுதியிருக்கிறாயே, என்ன செய்தாய் என்று கேட்டிருக்கிறார் ஒருவர். இவன், "சித்தப்பா கடைல கடன் நோட்டு பாத்தேன் சார்" என்று சொல்லிவிட்டான். சொன்னதோடு நிற்காமல் விளக்கியுமிருக்கிறான். பிளம்பர்களுக்குச் சனிக்கிழமை கூலி. அன்று சாயங்காலம் கேட்டால் வரும். வெள்ளிக்கிழமை கேட்டால் கையைவிட்டுக் காசு தர மாட்டார்கள். கான்ட்ராக்டருக்குத் தளம் போட்ட பிறகுதான் பணம் வரும். அதுவரை அவரிடம் கேட்பது வீண். ஆனால் எந்த வீட்டில் எப்போது தளம் போடுகிறார்கள் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். அறுபத்திரண்டு பேர் கடன் பாக்கி. எட்டு மாதத்தில் வராமல் போனது இரண்டு. கேட்டவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "இதை ஏன் எழுதவில்லை?" என்றாராம். வேலை கிடைக்கவில்லை. காரணம் சொல்லவில்லை; சொல்லும் வழக்கமும் இல்லை.

ஊருக்குத் திரும்பிய இவன் போனில் என்னைக் கேட்டான்: "மாமா, இதை ஏன் நாம எழுதல?"

எனக்குத் தெரியாது என்பதுதான் பதில். அந்த எட்டு மாதத்தைப் பற்றி நான் அவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தேன். கடன் நோட்டில் எத்தனை பேர் என்று கேட்கத் தோன்றவில்லை. சொல் முன்கூட்டியே தயாராக இருந்தால் கேள்வி பிறப்பதில்லை. எனக்கு இப்போது தெரிகிற தீமை இதுதான். மிகை அல்ல, கேட்காமல் போவது.

அவனுக்கு இப்போது வேலை இருக்கிறது. கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பிரிவு. சுயவிவரத்தால் கிடைத்ததல்ல. கடைக்குச் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஒரு சப்ளையர், போனில் இவன் பேசி ஆர்டர் போட்ட சுத்தத்தைப் பார்த்து, அங்கே சொல்லி வைத்தார். இதைக் கேட்டதும் எனக்குப் பெருஞ்சித்திரனார் ஞாபகம் வந்தது. மலை பல கடந்து வந்த தன்னைப் பார்க்காமலே அதியமான் நெடுமான் அஞ்சி அனுப்பிய பரிசிலை மறுத்தவர் (புறநானூறு, 208). கொடுப்பது கொஞ்சமானாலும் என் தகுதி தெரிந்து கொடு என்பது அவர் வழக்கு. சப்ளையர் இவனை அளந்து பார்த்தார், மென்பொருள் பார்க்கவில்லை. கட்டுரையை இங்கே முடித்துவிட்டால் அழகாக இருக்கும்.

ஆனால் அழகு நிற்கவில்லை. சித்தப்பாவுக்குக் கடை இல்லாத பையனை எந்தச் சப்ளையர் அளப்பார்? 'தெரிந்தவர் சொல்லி வைப்பது' என்பது நம் ஊரில் பெரும்பாலும் எந்த ஜாதி, எந்தத் தெரு என்பதன் மறுபெயர். தகுதி தெரிந்து கொடுக்கப்பட்ட வேலைகளின் சரித்திரம் நமக்குத் தெரியும். எனக்கு வேலை கிடைத்ததோ, என்னை எவரும் பார்க்காமல் தந்த காரணத்தால்தான். பெருஞ்சித்திரனார் மறுத்த பரிசிலை நான் இரு கையாலும் வாங்கிக்கொண்டேன், மாதாமாதம் வாங்குகிறேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆகவே பார்க்காமல் கொடுப்பது தவறில்லை. பரீட்சை அதைத்தான் செய்கிறது, யோக்கியமாகவே செய்கிறது. பார்க்கப் போவதில்லை என்று தீர்மானித்துவிட்டு, உன்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுது என்று கேட்பதுதான் தவறு. பார்க்காதவனிடம் தன்னைச் சொல்லிக்கொள்கிறவனுக்கு வேறு எந்த பாஷையும் வராது.

பின்னட்டை கேட்கிற நண்பரும் எழுதித் தருகிற நானும் இதே உடன்படிக்கையில்தான் இருக்கிறோம். அந்தத் தொகுப்புக்கு இப்போது இரண்டாம் பதிப்பு வருகிறது. என் நாலு வாக்கியங்களை எடுத்துவிடுங்கள், வேறு எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். "இருக்கட்டும் சார், எல்லாரும் அப்படித்தானே எழுதறாங்க" என்றார். முதல் தடவை எழுதியபோது கவிதைகளை முழுக்கப் படித்திருந்தேனா என்று அவர் கேட்கவில்லை. முக்கால்வாசி படித்திருந்தேன். மீதியை இந்த வாரம் படித்துக்கொண்டிருக்கிறேன்.